டி, ஓ

இரண்டே கால் மணிக்கு ஃபிரிட்ஜ் கூவ ஆரம்பித்தது.
மூடிய கதவைத் திறந்திருக்கிறது என்கிறது.
பச்சை எழுத்தில் டி, ஓ.
இந்த வீட்டில் என்னை டி போடும் முதல் ஆள்.

செலஸ்தின் முதுகைச் சாய்த்தால் வாயை மூடுகிறது,
நகர்ந்தால் மறுபடியும்.
“விடியிற வரைக்கும் அப்படியே நில்லுங்க” என்றேன்.
மூன்று நாளில் நான் அவரிடம் பேசியது அவ்வளவுதான்.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு
ஐந்து நிமிடம் இருட்டில் நின்றோம்.
குருசுக்குப்பத்துக் கடல் அடுப்படிவரை கேட்டது.
திரும்பச் சொருகினால்
அதே டி, அதே ஓ.

பத்து ரூபாய்த் தாளைக் கதவு ரப்பரில் செருகி
இழுத்து இழுத்துப் பார்த்தார்.
மேலே பிடித்தது, பக்கத்தில் பிடித்தது,
கீழே கொஞ்சம் வழுக்கியது.
உப்புக்காத்து கீலைத் தின்னிருக்கும் என்றார்.
இந்த ஊரில் எது கெட்டாலும் உப்புக்காத்துதான்.

டார்ச்சை நான் பிடித்தேன்.
இரண்டாம் தட்டுக்குக் கீழே, ஓரத்தில்,
பட்டாணி அளவு வெள்ளைப் பொத்தான்
பாதி உள்ளே பாதி வெளியே.
சுற்றிலும்
ஞாயிற்றுக்கிழமை பொங்கி வழிந்த இட்லி மாவு
காய்ந்து பொருக்காக.
யார் துடைப்பது என்றுதான் அன்றைக்குத் தொடங்கியது.

வெந்நீர், பழைய டூத் பிரஷ்.
அவர் தேய்த்தார், நான் ஊதினேன்.
டக்.

காலையில் பால்காரருக்குப் பத்து ரூபாய் குறைந்தது.
கதவைத் திறந்தேன்.
தாள் சில்லென்றிருந்தது.