இறையாண்மை: குறிப்பு வரைக

காமர்ஸ் நிரம்பிவிட்டது. கம்ப்யூட்டரும்.
"பொலிட்டிகல் சயின்ஸ்ல ஆறு சீட் இருக்கு, வேணுமா?"
கம்பித் தடுப்புக்குக் கீழே படிவத்தைத் தள்ளினார் கிளார்க்.
அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்:
"இதப் படிச்சா ஏதாச்சும் கட்சியில சேரணுமா சார்?"

அப்படித்தான் வந்து சேர்ந்தேன்,
கொசப்பேட்டையிலிருந்து தினமும் நடந்து,
அகழித் தண்ணீரின் பச்சை வாடையைக் கடந்து,
வேப்பமரங்களுக்கு மேலே சிலுவை தெரியும்வரை.

எட்டே முக்காலுக்கு இறைவணக்கம்.
ஒன்பதரைக்கு இறையாண்மை.
பலகையில் இப்படி அடுத்தடுத்து இருந்ததால்
முதல் வாரம் முழுக்க
இரண்டும் ஒரே பாடம் என்றே நினைத்திருந்தேன்.
எப்சிபா சிரித்தாள். போதகர் மகள், காட்பாடிக்காரி.
"எங்க சபையில இறைவன்னே சொல்ல மாட்டோம், கர்த்தர்தான்.
உன் பாடத்துல இருக்கிறவரு வேற யாரோ."

வேறு யாரோதான்.
தமிழ் வகுப்பில் அவர் அரசனாக வந்தார்.
அடுத்த செய்யுளிலேயே வரியாகி
நெல் அளக்கச் சொன்னார்.
அரசியல் வகுப்பில் மட்டும் ஆளைக் காணோம்;
'மக்களிடம் இருக்கிறது' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.
எழுதிக்கொண்டேன்.
இருபத்தெட்டு மார்க். அரியர்.

ஏப்ரல் பதினெட்டு தேர்தல். எனக்கும் பதினெட்டு.
பூத் சிலிப்பை ஹால் டிக்கெட்டோடு சேர்த்து
பீரோவுக்குள் வைத்திருந்தேன்.
பதினாறாம் தேதி ராத்திரி டிவி சொன்னது:
வேலூருக்கு மட்டும் ரத்து.
குழாயடியில் பாரிஜாதம் அக்கா சொன்னாள்:
"காசைத் தண்ணியா இறைச்சா இப்படித்தான்."
சொல்லிவிட்டுத் தன் குடத்தை ஓரடி முன்னால் நகர்த்தினாள்.
பத்து நாளுக்கொருமுறை வரும் தண்ணீர்,
நாங்கள் காசைப் போல எண்ணி ஊற்றும் தண்ணீர்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரக்கோணம் தொகுதி.
ஆறு என்றால் மணல், அதுவும் பாதிதான்.
பாலத்தைத் தாண்ட பஸ்ஸுக்கு ரெண்டு நிமிஷம்.
எப்சிபா விரலில் மையோடு வந்தாள்,
பரீட்சை ஹாலில் ஸ்கேல் கேட்கிற சாக்கில் காட்டினாள்.
மூன்று நாள் அவளோடு பேசவில்லை.
அவள்தான் என்ன செய்வாள்.

ஜூலையில் தண்ணீர் ரயில்.
ஜோலார்பேட்டையில் ஏற்றி, சென்னைக்கு.
காட்பாடியில் அவள் வீட்டு மொட்டைமாடிக்கு நேரே போனது.
"எண்ணிப் பாத்தேன்டி, ஐம்பது வேகன்.
ஒண்ணுகூட நம்ம ஊருக்கு இல்ல."
யாருடையதை இறைத்து யாருக்கு ஊற்றுவது,
அதை யார் சொல்வது,
இது எந்த அலகில் வருகிறது என்று
பாடத்திட்டத்தைப் புரட்டினேன்.
வரவில்லை.

ஆகஸ்ட் ஐந்து, திங்கள். ஒருவழியாக.
எங்கள் கல்லூரிதான் வாக்குச்சாவடி,
என் முதலாண்டு வகுப்பறைதான் பூத்.
நான் தூங்கிய பெஞ்சில் ஏஜெண்டுகள்.
கரும்பலகையில் ஜூனியர்களின் வெள்ளிக்கிழமைப் பாடம்:
'இறையாண்மை பிரிக்க முடியா' வரை தெரிந்தது,
மீதியின்மேல் வேட்பாளர் பட்டியலை ஒட்டியிருந்தார்கள்.
அட்டைத் தடுப்புக்குப் பின்னால் தனியாக நின்றேன்.
நீளமாக ஒரு பீப்.
அவ்வளவுதான்.

வெளியே வந்து விரலை ஊதிக்கொண்டிருந்தபோது போன்:
"டிவி பாத்தியா? காஷ்மீர் இனி மாநிலமில்லையாம்.
புக்குல இருபத்தொன்பதுன்னு இருக்கே,
அரியர்ல எத எழுதுவ?"
மை இன்னும் காயவில்லை.

நவம்பரில் தாள் வந்தது.
பதினோராம் கேள்வி, ஐந்து மதிப்பெண்.
குழாயடியை விட்டுவிட்டு, வேகன்களை விட்டுவிட்டு,
கேட்டதை மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதி,
'மக்களிடம் இருக்கிறது' என்று முடித்து,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

மை அதற்குள் நகத்தின் நுனிவரை ஏறியிருந்தது.
வீட்டுக்கு வந்து வெட்டிப் போட்டேன்.