வியாழக்கிழமைக் கப்பி

தோள் உறைந்துவிட்டது என்றார் மருத்துவர்.
ஓல்டன் நகரில், நவம்பர் மாதத்தில்,
அதை ஒரு செய்தி போல
அவர் சொன்னதுதான் எனக்குச் சிரிப்பு.

மிர்யானாவிடம் ஒன்பது தடவை.
காப்புறுதிக்காரன் தந்தது ஒன்பதுதான்.
அவளுடைய அறையில் வெள்ளைக் கயிறு, வெள்ளைக் கப்பி,
நுரை சுற்றிய இரண்டு பிடி.
நல்ல கை கீழே இழுக்க
கெட்ட கை மேலே போகும்.
விலை கேட்டேன். ஒரு துண்டில் எழுதிக் காட்டினாள்.
கூச்சப்பட்டது அவள்தான்.

வரும் வழியில், பஸ்ஸிலேயே
சாமான் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

கப்பி, கட்டடச் சாமான் கடையில்
படகுக்காரருக்கான தட்டில், ஆறு பிராங் தொண்ணூறு.
கயிறு, வீடு மாறும்போது தவநேசன்
அலுமாரி கட்டி வந்த நைலோன்.
பிடிக்குத் தும்புத்தடியில் இரண்டு சாண் அறுத்தேன்;
அன்றிலிருந்து குனிந்துதான் கூட்டுகிறேன்.
மேலே பழைய சைக்கிள் ரியூப்.
எத்தனை முறை கழுவினாலும்
சோற்றில் ரப்பர் வாசம்.

குனிந்து நின்று கையை ஊசலாட்டப் பாரம் வேண்டும்.
இரண்டு தேங்காய்ப்பால் பேணியில்
சீமெந்து குழைத்து ஊற்றினேன்.
ஒன்று ஆயிரத்து நூறு கிராம்,
மற்றது ஆயிரத்து நானூறு.
ஒரே வாளி, ஒரே கரண்டி.
மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்,
தராசு மனம் மாறவில்லை.
கூடியது வலதுக்கு, குறைந்தது இடதுக்கு என்றாயிற்று.
நான் கேட்காமலே
என்னை அளந்து வைத்திருந்தன பேணிகள்.

எங்கே மாட்டுவது?
சீலிங்கில் துளை போட்டால்
வாடகை ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கம் கோபிக்கும்.
நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் அறையில்,
குழாய்கள் ஓடும் உத்தரத்தில் கிடந்தது
யாரோ எதற்கோ அடித்த ஒரு கொளுக்கி.
வியாழக்கிழமை எங்கள் முறை.
மெஷின் சுழல நான் இழுத்தேன்.
கிறீச்.
கிணறென்று நினைக்காதே, எனக்கே சொன்னேன்,
இதன் அடியில் தண்ணீர் இல்லை,
உன் இடது கை மட்டும்தான்.

முதல் வாரம் காதுவரை.
மூன்றாம் வாரம் தலையை நானே பின்னினேன்;
தவநேசன் போட்டுவிட்ட
பதினாறு நாள் கோணல் பின்னலுக்கு விடுதலை.

நான்காம் வாரம் கடிதம்.
வீட்டுப் பொறுப்பாளர் ஸ்டுக்கி, நாலே வரி:
பொது அறையில் இனந்தெரியாத அமைப்பு.
இனந்தெரியாத.
அந்தச் சொல்லை முதலில்
தமிழ்ப் பத்திரிகையில் வாசித்துப் பழகிய ஒருத்தி
அன்றிரவே இறங்கிப் போய்க் கழற்றினாள்.
கயிற்றைச் சுருட்டி எங்கள் தட்டில் வைத்தேன்.
மன்னிப்பு எழுதினேன்,
வினைச்சொல் கடைசிக்கு வந்துவிட்டதா என்று
இரண்டு முறை பார்த்து.

அடுத்த வியாழன்
கப்பி கொளுக்கியில் தொங்கிற்று.

என்னுடைய குருட்டு முடிச்சு இல்லை.
தட்டையாய், இரட்டையாய், படித்தவர் போட்ட முடிச்சு.
எண்ணெயும் விட்டிருந்தார்கள்.
கயிறு ஒரு சாண் குறைந்திருந்தது.
அப்படியென்றால் என்னைவிட உயரமானவர்.
இந்தக் கட்டடத்தில் எல்லோருமே
என்னைவிட உயரம்.
இரண்டாம் மாடிப் புல்லாங்குழல் ஆசிரியை?
ரயில் ஓட்டும் அந்தப் பொடியன்?
படியில் ஸ்டுக்கியைக் கண்டபோது
வணக்கத்துக்குத் தலையைத்தான் அசைத்தார்,
கை சட்டைப்பைக்குள் இருந்தது.
குளிர்தான். இருந்தாலும்.

கயிற்றை நான் அவிழ்க்கவில்லை.
போத்தல் பெட்டியைக் கவிழ்த்து
ஏறி நின்று இழுக்கிறேன்.
பெட்டி ஆடுகிறது. மெஷினும் ஆடுகிறது.
இன்று இடது கை, போய்ப் போய்,
உத்தரத்துக் குழாயில் முட்டியது.
ஐயோ என்று இழுத்துக்கொண்டேன்.
சுடுதண்ணீர்க் குழாய்.