ஒரு பட்டாணி அளவு

மான்டேவீடியோவில்
கக்கத்துக்கு ஒரு வேலை உண்டு:
வெந்நீர் பிளாஸ்க்கை இடுக்கிக்கொள்வது.
வங்கிக்குப் போகிறவர், நாயை நடத்துகிறவர்,
சவ ஊர்வலத்தின் கடைசியில் நடப்பவர்கூட
இடக் கக்கத்தில் பிளாஸ்க்,
கையில் மாத்தே இலை ஊறும் குடுவை.

நெலிதாவின் பிளாஸ்க் மட்டும் மூன்று வாரமாகத்
துணிப்பையில் தொங்குகிறது,
வெளியூர்க்காரியின் சாமான்போல.

அவளுக்குச் சம்பளமே கை தூக்குவதற்குத்தான்.
ஜூலை பதினெட்டு என்று பெயர் வைத்த சாலையில்
ஜனவரி வெயில்.
நீலச் சீருடையில், நாற்சந்தி நடுவில்,
நில் என்று கையை உயர்த்துகிறாள்;
பாதியிலேயே எரிகிறது.
அந்த அரைக் கையை
வணக்கம் என்று நினைத்த பேருந்துக்காரர்
பதிலுக்குக் கையசைத்துவிட்டு
நிற்காமல் போகிறார்.

முதலில் ஒரு தெளிப்பான் வாங்கினாள். அப்புறம் ஓர் உருளை.
அப்புறம், மென்மையான சருமத்துக்கு என்று
தன்னைத் தானே சொல்லிக்கொண்ட இன்னோர் உருளை.
சிவப்பு தினமும்
தன் எல்லையைத் தள்ளிப் போட்டது.

மருந்துக்கடை ஸுல்மா
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னாள்:
எதுவும் போடாதே. பத்து நாள்.
போடவில்லை.
பத்து இரவும் வில்மார்
ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தான்.
காற்றுக்காக என்றான்.

(நாற்றம் என்ற நம் சொல்
ஒரு காலத்தில் பூவுக்கும் உரியதாக இருந்தது.
இதை ஸ்பானிய மொழியில்
அவளுக்கு எப்படிச் சொல்வது?)

பதினோராம் இரவு
கொதிக்கும் நீரில் கிண்ணத்தை மிதக்கவிட்டாள்.
தேங்காய் எண்ணெய் கேட்டவுடன் இளகியது.
கோக்கோ வெண்ணெய் கொஞ்சம் யோசித்தது.
தேன்மெழுகு,
விரல்நுனி அளவுதான்,
கடைசிவரை மிதந்துகொண்டே இருந்தது.
இறக்கி, சோள மாவைத் தூவிக் கிளறினாள்.
சமையல் சோடாவை மட்டும்
கேக்குக்குப் போடும் கை போட்டது.

விடிவதற்குள் தோல் உரிந்துவிட்டது.

மறுபடி செய்தாள், சோடா கால் பங்கு.
இம்முறை அவசரப்படாமல்
முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து
இரண்டு நாள் காத்திருந்தாள்.
வீட்டுச் சூட்டில் உருகாமலிருக்க
ஜாடி குளிர்பெட்டியில் இருந்தது,
பழக்கூழுக்கும் பாலாடைக்கும் நடுவே.

மூன்றாம் நாள் காலை
மடிப்பில் மெல்லிய அரிப்பு.
ஜாடியிலோ ஒரு கத்தித் தடம்.
மேசையில் வில்மார்,
வறுத்த ரொட்டியின் இரண்டாவது துண்டில்.
சாக்லேட் வாசனை நன்றாக இருக்கிறது,
இனிப்புத்தான் போதவில்லை என்றான்.
அவள் பேசவில்லை.
பிறகு சொன்னாள்.
பிறகு இருவரும் சிரித்து ஓய
வெகுநேரமானது.

அன்றிரவு அவனுக்கு
பதினைந்து வருட நெஞ்செரிச்சல் வரவில்லை.
அவளை எரித்த சோடா
அவனுக்குள் போய் அணைத்துவிட்டிருந்தது.

மூன்றாவது ஜாடியில் சோடாவே இல்லை.
ஸுல்மா காகிதத்தில் மடித்துத் தந்த
துத்தநாகப் பொடி,
குழந்தைகளின் இடுப்புப் புண்ணுக்குப் போடுவது.
லாவண்டர் துளியை மூக்கருகே கொண்டுபோய்
மூடிவைத்தாள்.
மணக்க வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.
மூடியில் வில்மாரின் கோணல் எழுத்து:
எனக்கு அல்ல.

வியர்வை நிற்கவில்லை.
யாரும் நிற்கச் சொல்லவுமில்லை.
சட்டையில் ஈரம் இருந்தது,
ஈரம் ஈரமாக மட்டும் இருந்தது.
திங்கட்கிழமை
கை காதை உரசும்வரை உயர்ந்தது.
பேருந்து நின்றது,
அதே பேருந்துக்காரர், கையசைக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை
கடல் என்று அவர்கள் பிடிவாதமாக அழைக்கும்
அந்த ஆற்றங்கரையில்
பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள்,
இடக் கக்கத்தில் இடுக்கினாள்.
நாலு அடி நடப்பதற்குள்
அது வழுக்கிக்கொண்டு போய்
வில்மாரின் கால்விரலில் விழுந்தது.

அதனால்தான் சொல்கிறாள்:
பட்டாணி அளவு.
அதற்குமேல் வேண்டாம்.