ஒன்றரை மீட்டர்

பல் மருத்துவர் ஒருவர் விற்றார்.
படகுக்கு அவர் முதல் மனைவியின் பெயர்: சொலான்ஜ்.
விற்கச் சொன்னது இரண்டாவது மனைவி.
பெயரை மாற்றினால் கடல் கோபிக்கும் என்றான் எர்வே,
எந்தப் பேயையும் நம்பாதவன்.
ஆக, யாரோ ஒருத்தியின் பெயரில்
கடன் வாங்கினோம்.

சோதிக்க வந்தவர் சிறு சுத்தியலால்
அடிவயிறு முழுக்கத் தட்டிக்கொண்டே போனார்.
டங், டங், டங்.
பானை வாங்குகிறவள் போல நானும் காது கொடுத்தேன்.
ஓரிடத்தில் மட்டும்
டப்.
சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார்.
வட்டத்துக்கு மூவாயிரம் யூரோ குறைந்தது,
அதே மூவாயிரம் கழிப்பறைக் குழாய்க்குப் போனது.
யானையை வாங்கியாயிற்று;
இனி அங்குசம், சங்கிலி, மணி.

பழையது பிகோர்னோ.
பாறையில் ஒட்டும் நத்தையின் பெயர்.
நாலரை மீட்டர்.
அடிப்பலகையை இழுத்துக்கொண்டால்
முழங்கால் தண்ணீர் போதும் அதற்கு.
சிப்பிப் பண்ணைக் கழிகளுக்கிடையே நுழைந்து
ஆர்ஸ் தீவின் முதுகுப்புறம் மணலில் மூக்கைச் செருகி
ரொட்டி தின்போம்.
படுக்க இடமில்லை. அவசரத்துக்கு வாளி.
மழை வந்தால் மழை.
பள்ளி ஆசிரியை நோல்வென் வாங்கினாள்.
நீர் இறைக்கும் டப்பாவை மட்டும்,
குறுக்கே அறுத்த பால் கேன் அது,
நான் எடுத்துக்கொண்டேன்.
அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

சொலான்ஜுக்குள் நிமிர்ந்து நிற்கலாம்.
அறைக்குக் கதவு உண்டு. கதவு நிலையில்
பென்சிலால் ஒரு குழந்தையின் உயரங்கள்:
ஏழு வயது, எட்டு, ஒன்பது.
பத்து இல்லை.
எர்வே அந்தக் கோடுகளைச் சுற்றிச்
சாயம் பூசினான்.

மே மாத முதல் ஞாயிறு, காலை எட்டு மணி,
வற்றம் தொடங்கி ஒரு மணி நேரம்.
பதினோரு வருடம் போன வழிதான்,
கை தானாகத் திருப்பியது.
பழைய மரக்கைப்பிடி என்றால்
விரலிடம் முணுமுணுத்திருக்கும்.
இந்தச் சக்கரம் எதுவும் சொல்லவில்லை.
மெத்தென்று நின்றோம்.
பாயில் காற்று இருக்கிறது,
கரை நகரவில்லை.

'ஒன்றரை மீட்டர்,' என்றான் எர்வே.
தாளில் படித்திருந்தோம்,
கீழே கையெழுத்தும் போட்டிருந்தோம்.
அகலக்கால் வைக்காதே என்பார்கள்;
நாங்கள் வைத்தது ஆழக்கால்.

கடல் அவசரமில்லாமல்
எங்களை விட்டுக் கிளம்பியது.
மாலை ஆறரைக்குத்தான் வரும்.
படகு பத்து பாகை சாய்ந்தது, இருபது, அப்புறம்
இழுப்பறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசின.
அடுப்பு மட்டும் தன் கொக்கிகளில் ஆடி நிமிர்ந்தே நின்றது.
சுவரில் உட்கார்ந்து காபி குடித்தோம்,
தரையில் முதுகைச் சாய்த்து.

பத்து மணிக்குப் பக்கத்திலேயே
முழங்கால் தண்ணீரில்
பிகோர்னோ போனது.
நோல்வென் கைகாட்டினாள். அவள் மகன்
மணல் விளையாட்டுச் சிவப்பு வாளியால்
நீர் இறைத்துக்கொண்டிருந்தான்.
பால் கேனை எடுத்து எறிந்தேன்.
பின்னால் விழுந்து மிதந்தது.
பையன் எட்டிப் பிடித்தான்,
'இது எதுக்கு?' என்று கத்தினான்.
பதில் சொல்வதற்குள் தள்ளிப் போய்விட்டார்கள்.

மதியம் சேற்றில் டிராக்டரை நிறுத்திச்
சிப்பிக்காரர் லெ காலிக்
எங்களை நெடுநேரம் பார்த்தார்.
'புதுசா?'
'பழசு.'
'தெரியும். டாக்டரும் இங்கேதான் நிற்பார்.
வருடத்துக்கு ஒருமுறை. இதே சாய்வு.'
ஒரு டஜன் சிப்பி கொடுத்தார், காசு வாங்கவில்லை.
எலுமிச்சை இல்லை.

சொலான்ஜ் இறங்கிப் போனது
இந்தச் சாய்விலிருந்தா என்று கேட்டேன்.
எர்வே சிரிக்கவில்லை.

மாலை, முதலில் ஓசைதான் வந்தது.
மெல்லிய தண்ணீர், படகின் விலாவைச்
சுற்றிச் சுற்றித் தட்டுகிறது.
டங், டங்.
வட்டமிட்ட இடத்துக்கு எப்போது வரும் என்று
மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன்.
எர்வே ஓடுகளை வாளியில் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
'ஷ்' என்றேன்.