இருபதடிப் பைப்பில் ஒரு குலை

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது.
கேட்கிறவர்களிடம் முதலில் இதைத்தான்
சொல்ல வேண்டியிருக்கிறது.
சிறுபயறு வறுத்து உடைத்தது, பாகு, தேங்காய், எள், சுக்கு.
திராட்சைக்கு முந்திரி என்று பேர் இருந்த காலத்தில்
யாரோ வைத்த பெயர்.
உருண்டையை மாவில் முக்கி மூன்று மூன்றாக விட்டால்
ஒட்டிக்கொண்டு மிதக்கும், குலை மாதிரி.

ஜுபைல் கேம்ப், பி பிளாக், பதினாறாம் அறை.
அறைக்குள் அடுப்பு வைக்கக் கூடாது.
வைத்திருந்தோம்.
கதவிடுக்கில் ஈரத் துண்டு.
டிசம்பர் இருபத்துநாலு, இரவு பதினொன்று.
கருப்பட்டி கிடைக்கவில்லை,
பக்காலாவில் கிடைத்த வெல்லம்தான்.
ரசலையன் கரண்டியோடு நின்று பெயர் சொன்னான்:
பிதா. சுதன்.
மூன்றாவது பிய்ந்து
சட்டியின் மறுகரைக்குப் போய்விட்டது.
"அவரு அப்பிடித்தான்டே," என்றான்,
"நெனச்ச எடத்துக்குப் போவாரு."
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.
சுவருக்கு அந்தப் பக்கம்
மூன்று மணிக்கு எழ வேண்டியவர்கள்.

நாற்பது உருண்டை தேறியது.
ஒட்டி நின்றது ஒன்பது கொத்து.

நாலரைக்குப் பேருந்து.
யூனிட் ஷட்டவுனில் இருக்கிறது,
மாதக் கடைசிக்குள் சாரம் ஏறியாக வேண்டும்.
இன்று என்ன நாள் என்று
டைம்ஷீட்டில் கட்டம் இல்லை.

என் ஜோடி குல் ஜமீன், ஸ்வாத்துக்காரன்.
பைப்பின் முன்முனை அவன் தோளில்,
பின்முனை என் தோளில்.
கை இரண்டும் பைப்புக்கே வேண்டும் என்பதால்
பலகாரப் பையை நடுவில் மாட்டிவிட்டேன்.

நூறடி நடந்த பிறகுதான் உறைத்தது.
தண்டில் ஒரு குலை. சுமக்க இரண்டு ஆள்.
ஓய்வுநாள் பள்ளியில் நான் கலர் அடித்த படம்.
தேசம் பார்த்து வரப் பன்னிரண்டு பேர் போய்
திராட்சை அறுத்துத் திரும்பிய கதை.
நல்ல தேசம்தான் என்று சொன்னவர்களும்
அங்கே நாம் வெட்டுக்கிளி போல இருந்தோம் என்றவர்களும்
ஒரே கூட்டத்து ஆட்கள்.
எனக்கு இது பதினோராம் வருடம்.
வீட்டுக்குப் பேசும்போது
நான் குலையைப் பற்றி மட்டும்தான் சொல்வேன்.

நாலாம் தட்டில் டீ.
"க்யா ஹை?" என்றான் குல்.
"அங்கூர்."
கடித்தான். மஞ்சள் மேலோடு, உள்ளே பயறு.
இது அங்கூர் என்றால் நான் ஷேக் என்றான்.
அவன் அப்பாவிடம் நாற்பது கொடி இருந்ததாம்.
பனிக்காலத்தில் கட்டை தெரிய வெட்டிவிடுவார்களாம்,
பார்த்தால் செத்ததுதான்.
பனி விட்டு, இலை வருவதற்கு முன்னால்,
வெட்டின வாயிலிருந்து தண்ணீர் சொட்டும்.
இரவெல்லாம் சொட்டும்.
அவன் அம்மா அதைக் குப்பியில் பிடித்துக்
கண்ணுக்கு விடுவாள்.

கொடியைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவன் நான்.
நறுக்குவது தெரியும், நெருப்பில் போடுவது தெரியும்,
வசன எண்ணோடு.
கொடியை ஒருநாளும் பார்த்ததில்லை.
அது அழும் என்று
எந்தப் பிரசங்கியாரும் எனக்குச் சொன்னதில்லை.

சேஃப்டி ரோமெல் ஏணியேறி வந்தான்,
பைப்பில் பை தொங்கியதைக் கீழிருந்தே பார்த்தவன்,
கையில் நோட்டு.
கொத்தில் மிச்சம் இருந்த மூன்றாவதை நீட்டினேன்.
என்னவென்று அவன் கேட்கவில்லை.
இரண்டு பக்கமும் ஏணியைப் பார்த்தான்.
ஹெல்மெட் வாரைச் சரிசெய்கிறவன் மாதிரி
கட்டைவிரல் நெற்றிக்குப் போனது,
சட்டைப் பொத்தானுக்கு இறங்கியது,
இடத்தோள், வலத்தோள், தூசி தட்டுகிற வேகம்.
எங்கள் சபையில் அந்தப் பழக்கம் இல்லை.

மென்றுகொண்டே நோட்டை மூடினான்.
பையைப் பைப்பில் மாட்டாதே என்றான்.

சரி என்றோம்.
கீழே இன்னும் அறுபது பைப்பு.
குல் இந்தமுறை பின்முனைக்குப் போனான்,
நான் தோள் மாற்றினேன்.