ஊர் என்ற கட்டம்

பாலக்கோட்டு ஐஸ் பெட்டியைத் திறந்தால்
பதினோரு குழாய்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சுக்குச்சி,
யாரோ ஒருவர் மூக்கின் ஆழம்,
மேலே பெயர் எழுதிய பிளாஸ்திரி.
ஆறாவது: தீ. மாதேசன், 41, தக்காளி மண்டி.
இந்தப் பக்கத்தில் 'தீ' என்றால்
அப்பா தீர்த்தகிரியாகத்தான் இருப்பார்.

மதியத்துக்குள் இயந்திரம் சொல்லிவிட்டது.
ஏ வகை. எச் மூன்று, என் இரண்டு.

எச், உள்ளே நுழையப் பூட்டைத் தடவும் கை.
என், வேலை முடிந்ததும் கட்டறுத்துக் கிளம்பும் கத்தி.
இரண்டும் இனிஷியல்; பெயர் கிடையாது.
பேப்பரில் மர்மக் காய்ச்சல் என்று போட்டிருக்கிறார்கள்.
மர்மம் ஒன்றுமில்லை,
வருஷா வருஷம் சட்டை மாற்றிக்கொண்டு வருகிற
பழைய ஆள்தான்.

புனேவுக்கு அனுப்பினால் முழுப்பெயர் வைப்பார்கள்.
வகை, ஊர், எண், ஆண்டு, நடுநடுவே சாய்கோடு.
கோழியிடம் எடுத்திருந்தால் கோழி என்று சேர்ப்பார்கள்,
வாத்து என்றால் வாத்து.
மனிதன் என்றால்
அந்த இடத்தையே விட்டுவிடுவார்கள்.
எழுதத் தேவையில்லையாம்.

மாதேசன் என்ற பெயர் இந்த மேசையைத் தாண்டாது.
அது விதி, நல்ல விதியும்கூட.
இருமல் மட்டும் ஊர்ப்பெயரோடு
மைனஸ் எண்பதில் உறைந்து கிடக்கும்.

நாலரை மணிக்கு ஆளே வந்து நின்றார்,
முகக்கவசம் தாடைக்குக் கீழே.
"என்ன காச்சல்ங்க மேடம், பேர் சொல்லுங்க."
சொன்னேன்.
"டவுன் பஸ் நம்பராட்டம் இருக்குது" என்றார், இருமினார்.
பிறகு என் படிவத்தைத் தலைகீழாகவே படித்துவிட்டு,
"பாலக்கோடுன்னு போடாதீங்க.
எவனாவது பார்த்தான்னா
பெங்களூர்ல லோடு எறக்க உடமாட்டான்.
ஏற்கெனவே கிலோ நாலு ரூவான்னு
ரோட்டுல கொட்டிட்டிருக்கறோம்."

தக்காளிக்குத் தொற்றாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஸ்பெயின் நினைவுக்கு வந்தது.
நூறு வருஷம் முன்பு, தெருத்தெருவாய்ச் செத்தபோது,
சண்டையிலிருந்த நாடுகள் வாயைப் பொத்திக்கொள்ள
ஸ்பெயின் மட்டும் உள்ளதைப் பேப்பரில் போட்டது.
சொன்னவன் தலையில் பெயர் விழுந்தது.
எங்கே பிறந்ததென்று
இன்னும் ஒருவருக்கும் உறுதியில்லை.

பதிவேட்டில் பாலக்கோடு இருக்கட்டும்,
அது அலமாரியோடு சரி.
புனே படிவத்தில், ஊர் என்ற கட்டத்தில்,
தருமபுரி என்று எழுதினேன்.
மாவட்டத்துக்குத் தோள் அகலம்.
தகடூராக இருந்து பேர் மாறிய ஊருக்கு
இதுவும் ஒரு சுமையா.

போகும்போது ஒரு பை தக்காளி வைத்துவிட்டுப் போனார்.
வேண்டாம் என்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் ரசம் வைத்தேன்.
பெருங்காயம், பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் போட்டும்
நுரை கட்டுகிறது, வாசனை வரவில்லை.
தொண்டையில் யாரோ பூட்டைத் தடவுகிறார்கள்.

நாளைக்கு என் குச்சியை யாரை எடுக்கச் சொல்வது?
ஊர் என்று எதைச் சொல்வது,
பிறந்த அரூரா,
வாடகைக்கு இருக்கும் இலக்கியம்பட்டியா?