பல் வலி

ஆறு வருஷமாக
எங்கள் அணிக்கு எங்கள் ஊர்ப் பேர் இருந்தது,
ஊர் இல்லை.
சேலத்தில் ஆடினார்கள், நெல்லையில் ஆடினார்கள்,
ஒரு வருஷம் கோவையில்
காலி நாற்காலிகளுக்கு முன்னால்.
கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில்
வக்காலத்துக்கும் வில்லங்கச் சான்றிதழுக்கும் நடுவே
கல்லாப்பெட்டிமேல் போனைச் சாய்த்துவைத்துப்
பார்த்திருக்கிறேன்,
தோற்றதையெல்லாம்.

இன்றைக்குத்தான் மதுரை மீன்கொத்திகள்
மதுரையில் ஆடுகிறார்கள்.
முதலாளியிடம் பல் வலி என்று சொல்லிவிட்டு
விரகனூர் பஸ் ஏறினேன்.
கண்டக்டரே சொன்னார்:
"நீலச் சட்டையெல்லாம் ரிங் ரோட்டுல இறங்கி நடங்க."

இரண்டு டிக்கெட், அறுநூறு ரூபாய்.
ஜெனோவாவுக்குக் கிரிக்கெட் தெரியாது.
ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேரே வந்திருந்தாள்,
கையில் ஸ்பிரிட் வாசம்.
"நம்ம ஆளுங்க யாரு?"
"நீலம்."
"ரெண்டு பக்கமும் நீலமா இருக்கே?"
"நம்மது மீன்கொத்தி நீலம்டி."
ஏதோ ஊசிக்குழாய் மூடியைப் பார்ப்பதுபோல்
கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சரி என்றாள்.

செங்கல் சூளைகளுக்கு அப்பால்
விளக்குக் கம்பங்கள் நாலும் எரிந்தபோது
வயக்காட்டுப் பூச்சி மொத்தமும்
டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்தது.
நாலு வரிசை முன்னால் ஒரு வழுக்கை,
அதன்மேல் நீலத் தொப்பி.
திரும்பினார். முதலாளி.
நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.
அவரும் பிடித்துக்கொண்டார்.

ஆடுகிற பதினோரு பேரில்
இந்த ஊர்க்காரன் ஒருத்தனும் கிடையாது.
தண்ணி கொண்டுவருகிறவன்தான் பேரையூர்,
இருளாண்டி, அறுபத்தொன்றாம் நம்பர்.
அவன் பாட்டில் கூடையோடு ஓடிவந்தபோது
எழுந்த சத்தம்
அன்று விழுந்த எந்த விக்கெட்டுக்கும் எழவில்லை.
பையன் வெட்கத்தில்
நடுவருக்கும் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனான்.

வாசலில் டம்ளர் தட்டையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள்.
ஆகவே வேலித் தகரத்தில், சிமெண்டு விளம்பரத்தின்மேல்,
வெறுங்கையால் அடித்தோம்:
டக்கட டக்கட டக்கட டக்
கொத்து! கொத்து!
டக்கட டக்கட

பதினாலாவது ஓவர்.
எல்லைக்கோட்டில் எங்களுக்கு முன்னால் நின்றவன்
சென்னைப் பையன், இருபது வயசிருக்கும்.
பாதி திரும்பி, வாய் அசையாமல் கேட்டான்:
"அக்கா, மேட்ச் முடிஞ்சா மணி பன்னெண்டாகும்.
இங்க சாப்பாடு எங்க கிடைக்கும்?"

இதை எங்கள் ஊரில் கேட்கலாமா?
நாற்பது பேர் எழுந்து நின்றோம்.
தெப்பக்குளம் முக்கு என்றார் ஒருவர்,
அங்கே சால்னா தண்ணி என்றார் இன்னொருவர்,
முனிச்சாலை, இடது பக்கம், மஞ்சள் போர்டு,
இல்லைப்பா வலது பக்கம்,
முதலாளி நாற்காலிமேல் ஏறிக்
கையாலேயே காற்றில் வழி வரைந்தார்.
பையன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.
பந்து அவன் காலடியைத் தாண்டித்
தகரத்தில் வந்து மோதியது.

நாலு.

தோற்றது மூன்று ரன்னில்.
எங்கள் பகுதியில் மட்டும்
யாரும் யாரையும் பார்க்காமல் படியிறங்கினோம்.
ஜெனோவா விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.
"அப்போ அந்த நாலு..."
"வாயை மூடு."

பஸ் இல்லை. புழுதியில்,
ஆயிரம் பேர் செருப்புச் சத்தத்தோடு
தெப்பக்குளம்வரை நடை.
ஒரு ஷேர் ஆட்டோவில் ஏழு பேராக
முனிச்சாலை வந்தபோது மணி பன்னெண்டே முக்கால்.

மஞ்சள் போர்டு. வலது பக்கம்தான்.
மூலை மேசையில் தனியாக,
சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு
குனிந்து உட்கார்ந்திருந்தான்.
நாங்கள் தெருவிலேயே நின்றோம்.
என்ன சொல்வது, மன்னிச்சிருப்பா என்றா,
முட்டை சேர்த்துக் கேள் என்றா?

மாஸ்டர் கல்லில் கொத்தத் தொடங்கினார்.
டக்கட டக்கட டக்கட டக்.
பையன் சட்டென்று நிமிர்ந்தான்,
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.